சட்டம் விட்டது, ஷரீஅத் விடுமா?

 



கனடா நாட்டில் டொரான்டோ நகரத்தை அடுத்து வாழும் நம் பகுதித் தாய் ஒருவர் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு மகன். படித்தவன், வேலைக்குப் போகிறவன். வீட்டின் கீழ்த்தளத்தில் நான்கு தொட்டிகளில் கஞ்சாச் செடி வைத்திருக்கிறான். விளக்குப் போட்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான் என்று எழுதுகிறார்கள்.

கேட்டால் அவன் சொல்லும் பதில் இது: “உம்மா, இந்த நாட்டில் இது குற்றமில்லை. நான் யாருக்கும் விற்கவில்லை. யாரிடமும் வாங்கவில்லை. என் கையால் வளர்த்து, ராத்திரியில் நான் மட்டும் புகைக்கிறேன். யாருக்கு என்ன கேடு? மதுதானே ஹராம்? கஞ்சா என்று குர்ஆனில் எங்கே இருக்கிறது?”

அந்தத் தாய் நான்கு கேள்விகள் கேட்கிறார்கள். இது ஹராம்தானா? அந்தச் செடி இருக்கும் வீட்டில் தொழலாமா, அது நஜீஸா? அவன் வேலைக்குப் போயிருக்கும்போது பிடுங்கி எறிந்துவிடலாமா? வாப்பா அவனோடு இரண்டு மாதமாகப் பேசுவதில்லை, வீட்டை விட்டு அனுப்பிவிடு என்கிறார், அனுப்பிவிடலாமா?

கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கும் கீழே, ஒரு வரி இருக்கிறது. “அவன் இப்போது ஜும்ஆவுக்கும் போவதில்லை. போதைப் பொருளைத் தொட்டவனுக்கு நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்று நான்தான் ஒரு நாள் கோபத்தில் சொன்னேன்.” மற்ற நான்கு பக்கத்தையும் படித்தபோது வராத கலக்கம் அந்த ஒரு வரியில் எனக்கு வந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இது கனடாவின் கதைதானே, நமக்கென்ன என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் ஊர்களில் வெளிநாட்டில் ஒரு பிள்ளை இல்லாத வீடு எத்தனை இருக்கிறது?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். கனடாவில் 2018-ம் ஆண்டு அக்டோபர் 17-ம் தேதி கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர் பொது இடத்தில் 30 கிராம் வரை காய்ந்த கஞ்சா வைத்திருக்கலாம். சொந்த உபயோகத்துக்காக ஒரு வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆளுக்கு மூன்று செடி வளர்க்கலாம். உருகுவே நாடு 2013-லேயே அனுமதித்தது. தென்னாப்பிரிக்காவில் 2018 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தனி இடத்தில் வளர்ப்பதும் உபயோகிப்பதும் குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே, அந்தப் பிள்ளை சட்டத்தைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. வயது நிரம்பாத பிள்ளைக்குக் கஞ்சா கொடுத்தால் 14 ஆண்டு வரை சிறை. கடையில் விற்கும் பொட்டலத்தின் மேல் எச்சரிக்கை வாசகம் இருந்தாக வேண்டும். நாட்டின் எல்லையைத் தாண்டி எடுத்துப் போனால் குற்றம். ஜெர்மனியில் வீட்டில் வளர்ப்பவர் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் காத்து வைக்க வேண்டும். கறிவேப்பிலைச் செடிக்கு எந்த அரசாங்கமாவது இப்படி வேலி போட்டதுண்டா? சிறை வைத்துப் பார்த்தோம், பழக்கம் குறையவில்லை, கள்ளச் சந்தைதான் கொழுத்தது என்று கண்டு, அந்த அரசாங்கங்கள் தண்டனையை எடுத்தன. ‘இதற்காக உன்னைப் பிடித்து அடைக்க மாட்டேன்’ என்பது ஒன்று. ‘இது நல்லது, உண்’ என்பது வேறு. முதலாவதை மட்டும்தான் சட்டம் சொன்னது. பிள்ளை இரண்டாவதையும் தானாகச் சேர்த்துக்கொண்டான்.

சட்டத்தை வைத்து ஹலால் ஹராமைத் தீர்மானித்தால் என்ன ஆகும் தெரியுமா? கனடாவின் தலைநகர் ஒட்டாவா ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது. இக்கரை ஒன்டாரியோ மாகாணம். அங்கே நான்கு செடி வளர்க்கலாம். அக்கரை கியூபெக் மாகாணம். அங்கே வீட்டில் ஒரு செடியும் வளர்க்கக் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று 2023 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இரண்டு கரைக்கும் பாலம் இருக்கிறது. அதில் நடந்து போகிறவனுக்கு நடுப்பாலத்தில் ஹலால் ஹராமாக மாறிவிடுமா? தாய்லாந்து 2022-ல் கஞ்சாவைத் திறந்துவிட்டது. 2025-ல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மீண்டும் இறுக்கியது. அல்லாஹ்வின் கட்டளை மந்திரிசபையோடு மாறுவதில்லை. மது எத்தனையோ நாடுகளில் சட்டப்படி விற்கிறது. அதனால் நமக்கு ஹலாலாகிவிட்டதா? இந்த ஒரு கேள்வியை மட்டும் அந்தத் தம்பி தன்னையே கேட்டுப் பார்க்கட்டும்.

இனி, கஞ்சா என்று குர்ஆனில் எங்கே என்ற கேள்வி. மதுவையும் சூதையும் ஷைத்தானின் செயல் என்று சொல்லி விலகச் சொல்லும் வசனம் அல்மாயிதா அத்தியாயத்தில் 90-வது வசனம். அடுத்த வசனத்திலேயே அல்லாஹ் காரணத்தையும் சொல்கிறான். பகையை மூட்டுவதும், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுப்பதும்தான் அதைக் கொண்டு ஷைத்தான் நாடுவது. இந்த வசனத்தை ஓதிவிட்டு அந்தக் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். வாப்பாவும் மகனும் இரண்டு மாதமாகப் பேசவில்லை. மகன் ஜும்ஆவுக்குப் போகவில்லை. யாருக்கு என்ன கேடு என்று கேட்டானே, வேறு யாருக்கு வேண்டும்?

போதை தரும் ஒவ்வொன்றும் மதுவின் இனமே, போதை தரும் ஒவ்வொன்றும் ஹராமே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பொதுவாகச் சொல்லிவிட்டது முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகிய ஐந்திலிருந்து அன்று மது வந்தது என்று மிம்பரில் நின்று எண்ணிச் சொன்ன உமர் (ரலி) அவர்கள், அந்த ஐந்தோடு நிறுத்தவில்லை; அறிவை எது மூடுகிறதோ அது மதுவே என்று முடித்தார்கள். போதை தருவதோடு உடலைத் தளர்த்தி மயங்க வைப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது அபூதாவூதில் வருகிறது. புகைப்பதோ தின்பதோ குடிப்பதோ வழிதான். அறிவு மூடப்படுவதே விஷயம்.

நான்கு மத்ஹபின் இமாம்களும் கஞ்சாவைப் பற்றிப் பெயர் சொல்லி ஏன் பேசவில்லை என்றால், அது முஸ்லிம் நாடுகளில் பரவியது அவர்களுக்கு வெகு காலத்துக்குப் பின், ஹிஜ்ரி 6, 7-ம் நூற்றாண்டுகளில். பரவியதும் உலமாக்கள் சும்மா இருக்கவில்லை. நம் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் இதற்கென்றே தனி நூல் எழுதினார்கள். ‘ஸஹ்ருல் அரீஷ் ஃபீ தஹ்ரீமில் ஹஷீஷ்’ என்று பெயர். இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்கள் பெரும் பாவங்களைத் தொகுத்த நூலில் இதையும் சேர்த்தார்கள். மாலிகீ மத்ஹபின் இமாம் கராஃபீ (ரஹ்) அவர்கள், இது மதுவைப்போல் குதூகலம் தரும் போதையா, அறிவைக் கெடுக்கும் வேறு வகையா என்று நுணுக்கமாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். அவர்கள் விவாதித்தது எந்தத் தண்டனை என்பதைத்தான். அறிவைக் கெடுக்கும் அளவு கூடும் என்று சொல்லவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் தேடி எடுத்துவிடுவார்கள். நாம் மறைத்தால் நம் மற்றப் பேச்சையும் நம்ப மாட்டார்கள். திரவமான மது ஒரு துளியும் ஹராம். ஆனால் திடப்பொருளில், அறிவைத் தொடாத மிக அற்ப அளவை இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் தனியாகப் பேசியிருக்கிறார்கள். பிரியாணி மசாலாவில் நாம் ஜாதிக்காய் ஒரு சிட்டிகை போடுகிறோமே, அதுவும் அளவு மீறினால் மயக்கம் தருவதுதான். அந்த மாதிரி அற்ப அளவுக்கான பேச்சு அது. மயக்கம் வர வேண்டும் என்பதற்காகவே செடி வளர்த்து, மயக்கம் வரும் வரை புகைக்கிறவன் அந்த நிழலில் ஒதுங்க முடியாது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை.

பக்கீர்சாக்கள் சிலும்பியில் புகைத்தார்களே, அவர்கள் அல்லாஹ்வை மறந்தவர்களா என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சிலரே கேட்பார்கள். அரபு நாட்டிலும் இதற்கு ‘ஹஷீஷத்துல் ஃபுகரா’, அதாவது பக்கீர்களின் புல் என்றே பெயர் இருந்தது. பெயர் இருந்ததால் ஆகுமானதாகிவிடாது. ஷரீஅத்துக்கு ஆதாரம் குர்ஆனும் ஹதீதும் இமாம்களின் தீர்ப்பும். தர்கா மரத்தடியில் உட்கார்ந்திருந்தவரின் சிலும்பி அல்ல.

சரி, புகைப்பது ஹராம். வளர்ப்பதுமா? செடி அல்லாஹ்வின் படைப்புத்தானே?

நல்ல கேள்விதான். மது விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பத்துப் பேரைச் சபித்தார்கள் என்ற ஹதீது திர்மிதியில் இருக்கிறது. பிழிகிறவன், பிழியச் சொல்கிறவன், சுமக்கிறவன், விற்கிறவன் என்று பட்டியல் போகிறது. அதில் திராட்சைக் கொடி நட்டவன் இல்லை. திராட்சையை மனிதன் தின்பான், பறவை தின்னும், காய்ந்தால் கிஸ்மிஸ் ஆகும். கஞ்சாச் செடியிலும் நார் உண்டு, கயிறு திரித்தார்கள். விதையில் எண்ணெய் உண்டு. நாருக்காக வயலில் பயிரிடுகிறவனை யாரும் பாவி என்று சொல்லவில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் நான்கு தொட்டி வைத்து, பெண் செடியாகப் பார்த்துத் தேர்ந்து, பூ வருவதற்காக விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் எரித்து அணைக்கிறவன் கயிறு திரிக்கவா போகிறான்? மது காய்ச்சுவான் என்று திட்டமாகத் தெரிந்தவனுக்குத் திராட்சையை விற்பதே ஹராம் என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. அவனிடம் விற்பவன் நிலையே அதுவானால், தானே நட்டுத் தானே பிழிகிறவன் நிலை என்ன?

இன்னொன்றை அந்தத் தம்பி யோசித்துப் பார்க்க வேண்டும். நண்பர்கள் கூடிய இடத்தில் ஒருவன் நீட்டினான், இவன் இழுத்துவிட்டான் என்றால் அது ஒரு நொடிச் சறுக்கல். காலையில் வெட்கப்பட்டுத் தவ்பாச் செய்வான். விதை ஊன்றி, முளைக்கக் காத்திருந்து, உரமிட்டு, பூச்சி பார்த்து, பூ முற்றியபின் அறுத்து, நிழலில் உலர்த்துவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. அத்தனை நாளும் தினமும் ஒரு முறை பாவத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதல்லவா அது? என் கையால் வளர்த்தது என்று அவன் பெருமையாகச் சொன்னதுதான் அவனுக்குப் பாதகமாக நிற்கிறது. ஆனால் அதிலேயே அல்லாஹ்வின் கருணையும் இருக்கிறது. அத்தனை நாளில் எந்த நாளும் அவன் அந்தத் தண்ணீரை நிறுத்தலாம். ஒவ்வொரு காலையும் தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது.

முஸ்லிம் ஒருவர் மரம் நட்டு, அதில் மனிதனோ பறவையோ கால்நடையோ தின்றால் அது அவருக்கு ஸதகா என்பது நாயகத்தின் வாக்கு. நடும் கைக்கு அவ்வளவு பெரிய கூலி வைத்திருக்கும் மார்க்கம் இது. அந்தப் பிள்ளைக்குச் செடி வளர்க்கக் கைவருகிறது, பொறுமை இருக்கிறது. அதே தொட்டியில் கொத்தமல்லியும் புதினாவும் பச்சை மிளகாயும் வளராதா? பனி நாட்டில் கறிவேப்பிலை கிடைக்காமல் தவிக்கும் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர்!

இனி, தாயாரே, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். நீங்கள் எனக்குத் தாய் ஸ்தானத்தில் இருப்பவர்கள். தவறாக எண்ணாமல் கேளுங்கள்.

செடி நஜீஸ் அல்ல. மது நஜீஸ்; கஞ்சா போன்ற திடப்பொருள் தீங்கானதே தவிர உடலால் சுத்தமானது என்பதே நம் மத்ஹபின் தீர்ப்பு. ஆகவே அந்த வீட்டில் நீங்கள் தொழலாம். இலை உடையில் பட்டாலும் தொழுகை கூடும். வாடை மட்டும் வேறு விஷயம். வெங்காயமும் பூண்டும் தின்றுவிட்டு அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அவை ஹலாலான பொருள்கள். இந்த வாடை துணியில் ஏறினால் எளிதில் போகாது. தொழப் போகுமுன் மாற்றிக்கொள்ள வேண்டும்.

உங்கள் கணவருக்கு மூட்டுவலி இருப்பதாகவும், இந்தச் செடியில் தைலம் எடுத்துத் தருகிறேன் என்று மகன் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருந்துக்காக மது காய்ச்சலாமா என்று கேட்ட ஸஹாபியிடம், அது மருந்தல்ல, நோய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் உறுப்பை வெட்டும் சிகிச்சைக்காக அறிவை மயக்கும் மருந்து கொடுப்பதை ஃபுகஹாக்கள் ஆகும் என்றார்கள். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த போதையற்ற மருந்து ஒன்றைக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்க்காக 2018-ல் அமெரிக்க அரசு அங்கீகரித்திருக்கிறது. அது அளந்து கொடுக்கும் மருந்து. வேறு வழியில்லை என்று நம்பிக்கையான மருத்துவர் சொல்லிக் கொடுப்பதை நிர்ப்பந்தம் என்ற அளவில் எடுக்கலாம். கீழ்த்தளத்துத் தொட்டிக்கு அது ஆதாரம் ஆகாது. மூட்டுவலிக்கு எத்தனையோ தைலம் இருக்கிறது.

பிடுங்கலாமா என்றால், வீடு உங்களுடையது. உங்கள் வீட்டில் நடக்கும் தீமையைக் கையால் தடுக்கும் அதிகாரம் பெற்றோருக்கு உண்டு. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்கு வரிசை வைத்திருக்கிறார்கள். தெரியப்படுத்துவதும் மென்மையாக உபதேசிப்பதும் முன்னால், கை பின்னால். அவன் இல்லாத நேரத்தில் பிடுங்கினால் செடிதான் போகும். விதை கடையில் கிடைக்கிறது; தொட்டி வேறு இடத்துக்குப் போகும், உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு. முதலில் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்த வீட்டில் இது இருக்கக் கூடாது என்று வாப்பாவும் நீங்களும் சேர்ந்து ஒரு தவணை சொல்லுங்கள். அவன் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். தவணை தாண்டினால் அவன் முன்னிலையில் எடுங்கள். அவன் சட்டைப் பையையும் அறையையும் துருவ வேண்டாம். துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான்.

அவன் விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு துணுக்கும் பெட்டியில் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்தியாவில் 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. வழியில் சிங்கப்பூரில் இறங்கினால் நிலைமை இன்னும் கடுமை. அங்கே தம் குடிமக்கள் வெளிநாட்டில் புகைத்தால்கூடத் தண்டிக்கிறார்கள்.

வீட்டை விட்டு அனுப்புவது பற்றி: வேண்டாம். எகிப்து வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (ரஹ்) அவர்கள் தம் காலத்துக் கெய்ரோவைப் பற்றி எழுதும்போது, இந்தச் செடி பயிரான தோட்டங்களையும், அமீர் ஒருவர் அதைப் பிடுங்கி அழித்து, தின்றவர்களின் கடைவாய்ப் பற்களைக் கழற்ற வைத்ததையும் சொல்கிறார்கள். அதன் பிறகும் பழக்கம் ஒழியவில்லை, பெருகியது என்றும் சொல்கிறார்கள். பல்லைப் பிடுங்கியும் போகாதது கதவைச் சாத்தினால் போய்விடுமா? வெளியே போனால் அவனைத் தஹஜ்ஜுதில் அழுது கேட்கும் உங்கள் குரல் அவன் காதில் விழாது, அவ்வளவுதான் மிச்சம். வாப்பா முதலில் பேசட்டும். ஸலாமிலிருந்து தொடங்கட்டும்.

கடைசியாக, அந்த வரி. நாற்பது நாள் பற்றிய ஹதீது மது குடித்தவனைப் பற்றியது, உண்மைதான். ஆனால் அதன் பொருள், நாற்பது நாள் தொழ வேண்டாம் என்பதல்ல. தொழுகையின் கடமை அவன் தலையை விட்டு ஒரு வக்தும் இறங்குவதில்லை. தொழுதால் கடமை நிறைவேறும், நன்மையின் கூலி தடைபடும் என்றே இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்கினார்கள். தவ்பாச் செய்தவனை அல்லாஹ் ஏற்கிறான் என்று அதே ஹதீதிலேயே இருக்கிறது. போதையில் இருக்கும்போது தொழக் கூடாது. தெளிந்ததும் உளூச் செய்து, விட்டதைக் களாவாகத் தொழ வேண்டும். பாவம் செய்கிறவன் தொழுகையையும் விட்டால் ஒரு பாவம் இரண்டாகிறதே ஒழியக் குறைவதில்லை. அவனைத் திருப்பிக் கொண்டுவரும் கயிறு அந்த ஜும்ஆ. அதை நாமே அறுத்துவிட்டோமோ என்ற பயத்தோடுதான் இதை எழுதுகிறேன். பயான் செய்யும் நாங்களும் இந்த ஹதீதின் முதல் பாதியைச் சொல்லிவிட்டுப் பின் பாதியைச் சொல்லாமல் இறங்கிவிடுகிறோம். உங்கள் மீது மட்டும் குற்றமில்லை.

இந்த இதழ் உங்கள் கைக்கு வந்ததும் அவனைக் கூப்பிடுங்கள். நான் சொன்னது பாதிதான், மகனே, மீதியை இந்த ஆலிம் எழுதியிருக்கிறார் என்று சொல்லி இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். செடிப் பேச்சை அன்று எடுக்க வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை வாப்பாவோடு பள்ளிக்குப் போகச் சொல்லுங்கள்.

வல்லாஹு அஃலம்.